கூலி உயர்வை எதிர்க்கும் மனுவில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் 22 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். டெய்லர், செக்கிங், கைமடி (டெய்லருக்கு உதவி ஆள்) எல்லாம் சேர்த்து 30 பேர். ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு ரவுண்ட் நெக் டி-சர்ட் தைத்துக் கொடுக்கிறோம். பீஸுக்கு 16 ரூபாய். அதில் 10 ரூபாய் கூலிக்கே போய்விடுகிறது. மாதம் 55,000 பீஸ் போகும். மீதியில்தான் கரண்ட் பில், வாடகை, மெஷின் தவணை, அப்புறம் என் குடும்பம்.

குறைந்தபட்சக் கூலியை உயர்த்த வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கின்றன. உயர்த்தவே கூடாது என்று எங்கள் வட்டாரத்து யூனிட்காரர்கள் அரசுக்கு ஒரு மனு தயாரித்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். கூலி ஏறினால் ஆர்டர் பங்களாதேஷுக்குப் போய்விடும், பாதிப் பேரை நிறுத்த வேண்டி வரும் என்கிறார்கள். நான் யாரையும் ஏமாற்றுகிறவன் இல்லைங்க. கைமடிப் பெண்கள்கூட வாரம் 3,600 ரூபாய் வாங்குகிறார்கள். அவசரம் என்றால் வட்டியில்லாமல் அட்வான்ஸ் கொடுக்கிறேன். என்னிடம் 11 வருஷமாக இருக்கும் ஒரு அம்மா, "அண்ணா, நீங்களும் அதுல கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. போடலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

போட வேண்டாம். ஆனால் போடாமல் இருந்துவிட்டால் மட்டும் உங்கள் கஷ்டம் தீர்ந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் தொழிலாளர் சட்ட வழக்கறிஞர். உங்களைப் போன்ற யூனிட்காரர்களுக்கும் ஆலோசனை சொல்கிறேன், தொழிலாளர்களுக்காகவும் வழக்கு நடத்துகிறேன். என் அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 வருஷம் கைமடியாக இருந்தவர். டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, மடித்து, பிசிறு வெட்டிய அந்தக் கைகள் சம்பாதித்த காசில்தான் நான் படித்தேன். என் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று முதலிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடுவது நல்லது.

நீங்கள் எழுதிய அந்த 3,600 ரூபாயிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் நேரம் எழுதவில்லை; நம் ஊர் வழக்கப்படி என்றால் காலை எட்டரைக்கு ஆரம்பித்து இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட், வாரத்துக்கு ஆறு நாள். ஆக மொத்தம் ஒன்பது ஷிப்ட். 3,600-ஐ ஒன்பதால் வகுத்தால் ஒரு ஷிப்டுக்கு 400 ரூபாய் வருகிறது. எட்டு மணி நேர உழைப்புக்கு நீங்கள் கொடுக்கும் கூலி இந்த 400 ரூபாய்தான். அரசு அறிவிப்பில் உள்ள தொகையோடு நீங்கள் ஒப்பிட வேண்டியது இதைத்தான். மாதக் கூலியாக அறிவித்திருந்தால் அதை 26-ஆல் வகுத்துப் பாருங்கள்.

இதற்குள் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். கூடுதலாகச் செய்யும் நான்கு மணி நேரத்துக்கு நம் ஊர் வழக்கப்படி அரை ஷிப்ட் கூலி போடுகிறோம். சட்டப்படி அது ஒரு முழு ஷிப்ட் கூலி. ஆக, 12 மணி நேரம் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஷிப்ட், வாரத்துக்கு 4,800 ரூபாய் வந்திருக்க வேண்டும். நீங்கள் ஏமாற்றுகிறவர் இல்லை என்பதை நம்புகிறேன். "ஒன்றரை ஷிப்ட்" என்ற சொல் ஊர் முழுக்கப் பழகிப்போனதால் அந்த 1,200 ரூபாய் யார் கண்ணுக்கும் படுவதில்லை. வாரம் 72 மணி நேரம் வேலை வாங்குவதையே சட்டம் அனுமதிப்பதில்லை என்பது தனிக் கதை.

"அவங்களே ஓ.டி. கேட்டு வாங்கிப் பார்க்கிறாங்களே" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், கேட்கிறார்கள். எட்டு மணி நேரத்தோடு வீட்டுக்குப் போனால் கையில் வருவது வாரத்துக்கு 2,400. வாடகை, மளிகை, பள்ளிக்கூடம் என்று போனால் அது எத்தனை நாள் தாங்கும்? அடிப்படைக் கூலி குறைவாக இருப்பதால்தான் அவர்கள் 12 மணி நேரம் நிற்கிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான் நின்றார். முழங்கால் நாற்பத்தைந்து வயதிலேயே போய்விட்டது.

அட்வான்ஸ் பற்றியும் பெருமையாகச் சொல்லியிருந்தீர்கள். வட்டியில்லாமல் கொடுப்பது நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அட்வான்ஸ் நோட்டை ஒரு தடவை நிதானமாகப் புரட்டிப் பாருங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது யார் யார் வாங்கியிருக்கிறார்கள்? தீபாவளிக்கு யார் யார்? ஆண்டுதோறும் அதே பெயர்கள் வந்தால் அதை அவசரச் செலவு என்று சொல்ல முடியாது. மாதா மாதம் கூலியில் விழும் பள்ளம் அது. கூலியாக வந்திருக்க வேண்டிய பணத்தைக் கடனாக வாங்கி, அதற்கு உங்களிடம் நன்றியும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சரி, குறைந்தபட்சக் கூலியை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்? 1948-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1957-இல் நடந்த 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து ஓர் அளவுகோல் வகுத்தார்கள். ஒருவர் சம்பாத்தியத்தில் மூன்று பேருக்கான உணவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி, வீட்டு வாடகை, அதோடு விறகு விளக்கு போன்ற செலவுக்குத் தனியாக 20 சதவீதம். அப்புறம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. இன்றைய அளவில் சுமார் 66 மீட்டர். உலகத்துக்கே உடுப்புத் தைக்கும் ஊரில் இருந்துகொண்டு அந்த 72 கஜத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்கிறது. 1991-இல் உச்ச நீதிமன்றம் ராப்டகோஸ் பிரெட் வழக்கில், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை இவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது. கணக்கு இவ்வளவுதான். இதில் ஆடம்பரமாக ஏதாவது இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

தன்னால் கொடுக்க முடியாது என்று ஒரு முதலாளி சொல்வதையும் சட்டம் ஏற்பதில்லை. குறைந்தபட்சக் கூலியைக்கூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நீடிக்கும் உரிமை கிடையாது என்று கிரவுன் அலுமினியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957-லேயே சொல்லிவிட்டது. அதற்கும் குறைவான கூலிக்கு வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புக்குச் சமம் என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. கடுமையான வார்த்தைகள்தான். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அந்த மனுவில் கையெழுத்துப் போட்டால் எதற்கு எதிராகப் போடுகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது.

கூலி 12 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பீஸுக்கு 1 ரூபாய் 20 காசு. 55,000 பீஸுக்கு மாதம் 66,000 ரூபாய். கூலி போக உங்களிடம் நிற்கும் 3,30,000 ரூபாயில், மற்ற எல்லாச் செலவும் அப்படியே இருக்க, 66,000 ரூபாயை எடுத்து வையுங்கள் என்றால் யாருக்கும் மூச்சு முட்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றி நீங்கள் எழுதவில்லை. கட்டுகிறீர்கள் என்றால் அந்தப் பங்கும் சேர்ந்து ஏறும். இந்தச் சுமை ஒன்றுமில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவர்கள் யூனிட் நடத்திப் பார்க்காதவர்கள்.

ஆனால் 2021-லும் 2022-லும் நூல் விலை ஏறிய ஏற்றம் ஞாபகம் இருக்கிறதா? 2022 மே மாதம் திருப்பூரே இரண்டு நாள் அடைத்துப் போராடியது. போராடினோம், சரி. அப்புறம் என்ன செய்தோம்? ஏறிய விலைக்குத்தான் நூல் வாங்கினார்கள். பழைய விலைக்குக் கொடு என்று மில்காரரிடம் யாராலும் சொல்ல முடியவில்லை. மின் கட்டணம் ஏறினால் ஏறிய கட்டணத்தைக் கட்டுகிறோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் அந்த அடி வெளிநாட்டு வாங்குபவர், ஏற்றுமதியாளர், யூனிட்காரர் என்று படிப்படியாகக் கீழே இறங்கிக் கடைசியில் ஷிப்ட் குறைந்த தொழிலாளியின் தலையில்தான் வந்து நின்றது. எல்லாச் செலவையும் விலையில் ஏற்றத் தெரிந்த நமக்குக் கூலி மட்டும் அழுத்திப் பிடித்தால் நிற்கும் செலவாகத் தெரிகிறது. அப்படி நிற்கும்போது அதன் மிச்சத்தைக் கட்டுவது அந்தத் தொழிலாளியின் வீடு.

வேலை போகும் என்ற வாதம் உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1992-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் உயரவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இரு பக்கத்திலும் 410 துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டார்கள். கூலி ஏறிய பக்கத்தில் வேலை குறையவில்லை. அதை மறுத்தும் ஆய்வுகள் வந்தன, சண்டை இன்றும் ஓயவில்லை. கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜெர்மனி 2015-இல் முதல்முறையாக நாடு முழுமைக்கும் மணிக்கு 8.50 யூரோ என்று வைத்தபோது மொத்த வேலைவாய்ப்பு சரியவில்லை. ஆனால் குறைந்த கூலித் தொழிலாளர்கள் நல்ல கூலி தரும் பெரிய நிறுவனங்களுக்கு நகர்ந்தார்கள், சில சிறிய நிறுவனங்கள் மூடப்பட்டன. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. சிறியவர்களுக்கு அடி விழ வாய்ப்பு இருக்கிறது. அந்த அடியை எப்படித் தடுப்பது என்பதைத்தான் நீங்கள் அரசிடம் கேட்க வேண்டும்.

பங்களாதேஷ் பேச்சையும் முடித்துவிடுகிறேன். அங்கே உடுப்புத் தொழிலில் மாதக் குறைந்தபட்சக் கூலி 3,000 டாக்காவாக இருந்தது. ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த 2013-ஆம் ஆண்டில் அது 5,300 ஆனது. 2018-இல் 8,000, 2023-இல் 12,500. அங்கும் விலைவாசி ஏறியிருக்கிறது, தொழிலாளர்கள் கேட்டது 23,000. ஆனாலும் அவர்களும் ஏற்றிக்கொண்டுதான் போகிறார்கள். கூலி ஏறியதும் ஆர்டர் எல்லாம் அங்கிருந்து ஓடிவிடவும் இல்லை.

உங்கள் உண்மையான போட்டி எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? உங்கள் தெருவிலேயே, உங்களைவிடக் குறைவாகக் கூலி கொடுத்து 15 ரூபாய்க்குத் தைக்க ஒப்புக்கொள்ளும் இன்னொரு யூனிட். "ஒடிசா பசங்களை விட்டா இன்னும் கம்மிக்குத் தைப்பாங்க" என்று சொல்லித்தானே உங்கள் ரேட்டையும் அடிக்கிறார்கள்? எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும் குறைந்தபட்சக் கூலி ஒன்றுதான். காண்ட்ராக்டர் மூலம் வந்தாலும், பீஸ் ரேட்டில் தைத்தாலும், எட்டு மணி நேரக் கூலிக்குக் கீழே போக முடியாது. அந்தத் தரை உறுதியாக இருந்தால் 15 ரூபாய்க்குத் தைக்கிறேன் என்று உங்கள் அடிமடியில் கைவைக்க யாராலும் முடியாது. நியாயமாக நடக்க விரும்பும் சிறு முதலாளிக்குக் குறைந்தபட்சக் கூலியைப் போலப் பாதுகாப்பு வேறில்லை என்று நான் நம்புகிறேன். அதை உயர்த்தவே கூடாது என்று நீங்களே மனுப் போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதற்குப் பதில் வேறொரு மனு எழுதுங்கள். கூலி ஏறட்டும், பத்துப் பன்னிரண்டு வருஷம் தூங்கிவிட்டு ஒரே அடியாக ஏற்றாதீர்கள் என்று கேளுங்கள். தையல் தொழிலுக்கு 2014-இல் அரசு உயர்த்திய கூலியை எதிர்த்து முதலாளிகள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள், 2016-இல் தோற்றார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிக்கும் அளவுக்கு இடைவெளி விட்டு வந்த உயர்வு அது. அவ்வளவு நாள் தள்ளிப்போட்டதால்தான் உயர்வு வரும்போது மலையாகத் தெரிந்தது. சட்டமோ ஐந்து ஆண்டுக்குள் ஒருமுறை திருத்தச் சொல்கிறது. விலைவாசியைப் பொறுத்துப் பஞ்சப்படி ஏப்ரல் 1 முதல் ஆண்டுதோறும் மாறுகிறதே, அதுபோல அடிப்படைக் கூலியும் சிறு சிறு படியாக ஏறினால் உங்களுக்கும் திட்டமிட வசதி. இந்தப் பஞ்சப்படிக்காகத்தான் 1984-இல் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உங்களில் பலருடைய அப்பாக்கள் அதில் நின்றிருப்பார்கள்.

குறைந்தபட்சக் கூலி ஏறும் நாளிலிருந்து ஜாப் ஒர்க் ரேட்டும் அதே அளவுக்கு ஏற வேண்டும், அதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்பது மனுவின் முக்கியக் கோரிக்கையாக இருக்கட்டும். இது நடக்காத காரியம் இல்லை. உள்நாட்டுப் பனியனைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து உற்பத்தியாளர் சங்கத்தோடு பேசி ரேட்டை ஒப்பந்தமாகப் போடுவது நம் ஊரில் பழக்கத்தில் இருப்பதுதான். ஏற்றுமதிக்குத் தைக்கும் உங்களைப் போன்றவர்கள் ஆளாளுக்குத் தனியாகப் போய் நிற்பதால்தான் ரேட் அடிபடுகிறது.

மனு ஒரு பக்கம் இருக்கட்டும், உங்கள் ஏற்றுமதியாளருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். வெறும் "ரேட் பத்தவில்லை" என்று எழுதினால் குப்பைக்குத்தான் போகும். 16 ரூபாயைப் பிரித்துக் காட்டுங்கள்: கூலி இவ்வளவு, மின்சாரம் இவ்வளவு, வாடகை இவ்வளவு. கூலியை மட்டும் தனி வரியாகப் போட்டு, அது அரசு அறிவிப்புக்கு ஏற்ப மாறும் என்று எழுதுங்கள். வெளிநாட்டு வாங்குபவர்கள் பலர் தங்களுக்குத் தைக்கும் எல்லா இடத்திலும் சட்டப்படியான கூலி கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறார்கள், ஆடிட்டுக்கும் வருகிறார்கள். அந்த ஏற்றுமதியாளருக்கு உங்கள் கடிதத்தைத் தட்டிக்கழிப்பது அவ்வளவு சுலபமாக இருக்காது. நீங்கள் கேட்கும் 1 ரூபாய் 20 காசு ஐரோப்பியக் கடையில் தொங்கும் அந்தச் சட்டையின் விலையில் ஒன்றிரண்டு சென்ட். முழுவதும் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. 60 காசு வந்தாலும் உங்கள் சுமை பாதியாகிறது. மீதியில் கொஞ்சம் வேறு வழியில் திரும்பும். தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர்கள் திரும்பி வராமல் மெஷின் சும்மா கிடந்த நாட்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூலி நன்றாக இருக்கும் இடத்துக்கு ஆள் திரும்பி வருகிறார்.

சட்டப்படி ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. பல வருஷம் முன்பு ஒரு பெண்ணுக்காக வழக்குப் போட்டேன். ஒன்பது வருஷம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழேயே வேலை பார்த்தவர். 1948-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும் என்ற கெடு. ஆறு மாதப் பாக்கியைத்தான் எங்களால் வாங்க முடிந்தது. எட்டரை வருஷம் கணக்கிலேயே வரவில்லை. அந்தப் பெண் நீதிமன்ற வாசலில் ஒன்றும் பேசாமல் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் அந்தக் கெடு மூன்று வருஷம். குறைத்துக் கொடுத்த தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கலாம். கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியதும் முதலாளிதான். ஆகவே பதிவேடு சரியாக இருக்கட்டும். ஷிப்ட் கூலி, கூடுதல் நேரம், பிடித்தம் மூன்றையும் தனித்தனியாக எழுதிய சீட்டை சனிக்கிழமை சம்பளத்தோடு கையில் கொடுங்கள். தினமும் ஒன்றரை ஷிப்ட் என்ற பழக்கத்தை இப்போதே குறைக்கத் தொடங்குங்கள். ஷிப்மென்ட் நெருக்கடி நாட்களில் மட்டும் கூடுதல் நேரம், அதற்கு இரட்டிப்புக் கூலி. நேரத்தை மட்டும் குறைத்துவிட்டுக் கூலியை அப்படியே விட்டால் அவர்கள் வீட்டில் அடுப்பு அணையும், அதனால் இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். "போடலைம்மா" என்று சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் டெய்லர்களில் இரண்டு பேரையும் உட்கார வைத்து, உங்கள் 16 ரூபாய்க் கணக்கை அவர்களிடமும் காட்டுங்கள். 11 வருஷம் உங்களோடு இருந்தவருக்கு அது புரியும். எந்த பீஸில் ஆல்ட்ரேஷன் (பிழையைத் திருத்தித் திரும்பத் தைப்பது) அதிகம் வருகிறது, எங்கே நேரம் வீணாகிறது என்று உங்களுக்குத் தெரியாததையும் அவர் சொல்லக்கூடும்.

ஏற்றுமதியாளருக்கு எழுதும் கடிதத்தை அனுப்பும் முன் எனக்கு ஒரு தடவை காட்டுங்கள். திருத்திக் கொடுக்கிறேன், அதற்குக் கட்டணம் வேண்டாம்.